உயிரியல் பாடத்தின் திறப்பு விழா

என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் முழுவதும் தெரியும். அமைச்சருக்குத்தான் தேதி கிடைக்கவில்லை.

சிரிக்காதீர்கள். எட்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பிலோமியின் இடது காதுக்குப் பின்னால், பொட்டு அளவில், தோல் நிறத்தில் ஒரு பட்டை. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் ஒட்டிவிட்டார்கள். பதினைந்து நாள் அதோடு தூங்கி எழுந்தால் ஒரு பாடம் மொத்தமும் மூளைக்குள் இறங்கிவிடும். இறங்கியும் விட்டது. ஆனால் உள்ளே போனது வெளியே வர வேண்டுமென்றால் மாண்புமிகு கல்வி அமைச்சர் அதைத் திறந்து வைக்க வேண்டும்.

இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். திட்டம் வந்த முதல் வருஷம் பூட்டெல்லாம் கிடையாது. ஏதோ ஒரு மாவட்டத்தில், அமைச்சர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் கணக்குப் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருத்தர் அதற்குள் பள்ளிக்கூடத்தில் நுழைந்து, இரண்டு பிள்ளைகளைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். சும்மா விடுவார்களா? அடுத்த வாரமே அரசாணை வந்தது. முறைப்படி தொடங்கி வைக்கப்படுவதற்கு முன் எந்த மாணவரும் எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது. வார்த்தைக்கு வார்த்தை இதேதான். எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியவளே நான்தான்.

நான் அமலோற்பவம். வடவெள்ளாறு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மாவட்டத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் பிரித்துக்கொண்டே போனதில் அறுபத்திரண்டாவதாகக் கிடைத்தது. எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். புத்தகப் பைகளில் பழைய முகத்தின் மேல் புது முகத்தை ஒட்டுகிற வேலையை மட்டும் மூன்று தடவை மேற்பார்வை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பைதானே, ஒட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். என் மகளின் தலை என்று வந்தபோதுதான் சுருக்கென்றது. சுயநலம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திறப்பு விழாவை முதலில் ஜூலை பத்து என்றார்கள். அப்போதைய அமைச்சர் கல்விக்கடல் மருதையன். அவருக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம். ஆகஸ்டில் இடைத்தேர்தல், நடத்தை விதி. அக்டோபரில் மேடை போட்டு வாழைமரமும் கட்டியாயிற்று. கல்வெட்டு வந்து இறங்கியது. பார்த்தால் எங்கள் எம்.எல்.ஏ. பெயர் கட்சியின் மாவட்டச் செயலாளர் பெயருக்குக் கீழே. அதுவும் போயிற்று. டிசம்பரில் அமைச்சரவையையே மாற்றினார்கள். மருதையன் வீட்டுக்குப் போக, கல்வி இமயம் தணிகைநாதன் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே கட்சிதான். ஆனால் ஒருத்தர் படம் மாட்டிய சுவரில் மற்றவர் சாய்ந்துகூட நிற்க மாட்டார்.

பூட்டியிருந்தால் என்ன, புத்தகத்தை எடுத்துப் படித்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன்.

"படிடி. நாங்கெல்லாம் படிச்சு வரலையா?"

"படிச்சா நிக்க மாட்டேங்குதும்மா" என்றாள் பிலோமி. "முதல் வரியப் பாத்ததுமே இது எனக்குத் தெரியுமேன்னு தோணிடுது. அதுக்கு மேல உள்ள போக மாட்டேங்குது. சரி, தெரியும்ல, சொல்லுன்னு பாத்தா அதுவும் வர மாட்டேங்குது."

"எப்படிடி இருக்கு?"

"தும்மல் வர்ற மாதிரி வந்து வராமப் போகும்ல? நாள் முழுக்க அப்படியே இருக்கும்மா. பைத்தியம் பிடிச்சுரும் போல."

அவள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். பாதி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார்களாம். ஆசிரியர்களைக் கேட்டும் பிரயோஜனமில்லை. பட்டை வந்ததிலிருந்து அவர்களை வாக்காளர் பட்டியல் சரிபார்க்கவும் அமைச்சர் வந்தால் கூட்டத்தை உட்கார வைக்கவும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பிலோமியின் உயிரியல் ஆசிரியருக்குத் தொகுதியில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது மனப்பாடம். செல் எப்படிப் பிரிகிறது என்று கேட்டால் பாவம், மனிதர் மேலே பார்க்கிறார்.

பிலோமிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெருவில் நொண்டுகிற எதைப் பார்த்தாலும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவாள். இப்போதைக்கு எங்கள் வீட்டில் மூன்று நாய், ஒற்றைக் கண் ஆடு ஒன்று, இறக்கை ஒடிந்த காக்கை ஒன்று. காக்கை என் கட்டிலில்தான் தூங்குகிறது. அந்தப் படிப்பில் சேர உயிரியல் மதிப்பெண்தான் எல்லாம். தேர்வு மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை.

ஜனவரி கடைசியில் தணிகைநாதன் தலைநகரில் உட்கார்ந்தபடியே காணொளியில் மொத்த மாநிலத்துக்கும் சேர்த்துத் திறந்து வைத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அலுவலகத்தில் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றே கால் மணி நேரம் பேசினார். கடைசியில் ரிப்பனை வெட்டி, "மனமகிழ்ச்சியோடு தொடங்கி வைக்கிறேன்" என்றார். பூட்டைத் திறக்கிற சொல் அதுதான். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்போது மணி பன்னிரண்டு. பன்னிரண்டு பத்துக்குள் அறிக்கை வந்தாக வேண்டும் என்று இயக்குநரகத்திலிருந்து போன். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். எத்தனை சதவீத மாணவர்களுக்குத் திறக்கப்பட்டது? முந்நூறு பள்ளிக்கூடத்தைக் கேட்டு எழுத ஏது நேரம்? எந்த விழா முடிந்தாலும் இருபத்தாறு வருஷமாக என்ன எழுதுவேனோ அதையே எழுதினேன். நூறு. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, முதன்மைக் கல்வி அலுவலரிடம் மேலொப்பம் வாங்கி, பன்னிரண்டு எட்டுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். மாநிலத்திலேயே முதல் அறிக்கை எங்களுடையதுதான் என்று பாராட்டிச் செய்திகூட வந்தது.

சாயங்காலம் பிலோமி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"திறந்துருச்சாடி?"

"எங்கம்மா. கைதட்டச் சொன்னாங்க, தட்டுனோம்."

"ஒண்ணுமே வரலையா?"

"தலைவலிதான் வந்துச்சு. அது அவரு பேச்சுக்கு வந்ததா இருக்கும்."

அறிக்கை அனுப்பியதை நான் அவளிடம் சொல்லவில்லை. நாலு நாளில் தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைத்தேன். நாலு நாள் இரண்டு வாரம் ஆயிற்று. ஆட்டுக்கு வயிறு உப்பிப்போய்க் கிடந்த அன்றைக்கு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிலோமி அழுதாள். "எனக்குத் தெரியும்மா, இதுக்கு என்னன்னு எனக்குத் தெரியும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலை நேராகப் பட்டை நிறுவனத்தின் மாவட்டப் பொறியாளர் நஸ்ரீனிடம் போய் நின்றேன்.

நஸ்ரீன் கெட்டிக்காரப் பெண். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"மேடம், பூட்டு பதவிக்கு இல்ல, ஆளுக்கு. மருதையன் சாரோட குரல்லதான் இருக்கு."

"எவன் அப்படிப் போடச் சொன்னது?"

"பதவிக்குத்தான் போட்டிருந்தோம். அவரோட உதவியாளர் வந்து, அண்ணன் இருக்கற வரைக்கும் அண்ணன்தான் அமைச்சர், அண்ணன் குரலையே போடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. போட்டுட்டோம்."

"சரி, இப்ப மாத்துங்க."

"மாத்தலாம். திறக்கலைன்னு உங்க துறையிலேர்ந்து ஒரு கடிதம் வேணும். அறுபத்திரண்டு மாவட்டமும் நூறு சதவீதம் திறந்தாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. திறந்த பூட்டுக்கு நான் எந்தச் சாவிய மாத்தறது?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. எல்லா மாவட்டத்திலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பட்டையப் பிச்சுப் போட்டுட்டா?"

"பாடமும் அதோட போயிடும்."

"மருதையன் குரலைப் பதிவு பண்ணிப் போட்டா?"

"கேக்காது மேடம். ஒலிபெருக்கில வந்தாலும் கேக்காது. கட்சிக் கூட்டத்துக்குக் கூட்டம் பலகுரல் பேசறவங்க இருக்கற ஊரு இது. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கோம். எங்களோட தனி லைன்ல வரணும், இல்லன்னா ஆளே நேர்ல நின்னு பேசணும். இருபத்தஞ்சு அடிக்குள்ள இருந்தாத் திறக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எங்கள் முதன்மைக் கல்வி அலுவலர் தீர்த்தகிரியிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமலே இவ்வளவு உயரத்துக்கு வந்தவர்.

"திறக்கலைன்னு எழுதலாம் மேடம். ஆனா அமைச்சர் திறந்தும் திறக்கலைன்னு அதுக்கு அர்த்தம் ஆகும். அது பாடத்தோட கோளாறா, அமைச்சரோட கோளாறான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் போக, நூறுன்னு எழுதுனது நீங்க. நான் மேலொப்பம்தான் போட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையிலிருந்த காகித எடையைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். சர்வீஸ் அப்படிப் பழக்கிவிட்டது.

மாஜி அமைச்சர் மருதையனின் ஊர் கருவேலநத்தம். பதவியில் இருந்தபோது அந்தத் தெருவில் கார் நிறுத்த இடமிருக்காது. நான் போனபோது கேட் அருகே ஒரு சைக்கிள்கூட இல்லை. மனிதர் லுங்கியும் பனியனுமாகக் கூடத்தில் உட்கார்ந்து, தான் எப்போதோ பேசிய பேச்சைத் தானே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறுதல் விஷயமா வந்தியாம்மா? இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"மாறுதல் இல்லங்கய்யா" என்று நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே டிவியை நிறுத்திவிட்டார்.

"அப்ப, அவன் திறந்தது திறக்கலையா?"

"இல்லங்கய்யா."

"மாநிலம் பூரா?"

"பூராவும்."

சிரிக்க ஆரம்பித்தார். அடேயப்பா, என்ன சிரிப்பு! உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ஓடிவந்து தண்ணீர் கொடுக்கும்படி ஆகிவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"தலைவருக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாரும்மா. வேணாம்."

"என் பொண்ணுக்கு மார்ச் பதினாலு பரீட்சைங்கய்யா. உள்ள எல்லாம் இருக்கு, எடுக்க முடியாமத் துடிக்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் என்னையே பார்த்தார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"மேடை இருக்குமா?" என்றார்.

"உங்க வீட்டு போர்டிகோதாங்கய்யா."

"மாலை?"

"கொண்டு வர்றேன்."

"கல்வெட்டு?"

"தெர்மாகோல்ல பண்ணிடலாம்."

"மைக்?"

"ஒலிபெருக்கில பேசினாத் திறக்காதுங்கய்யா."

"மைக் இல்லாம எனக்கு வாயே வராதும்மா" என்றார் பரிதாபமாக. உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. பிலோமியின் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தலைமையாசிரியை முதல்நாளே என்னிடம், "எழுத்துல ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எனக்குத் தெரியாது. அழைச்சிட்டுப் போங்க" என்றுவிட்டார். போர்டிகோவில் நெருக்கி உட்கார வைத்தேன். பின்னால் இருந்த நாலு பேரை முன்னால் இழுத்துப்போட்டு நானே அடியை அளந்தேன். மருதையன் வெள்ளை வேட்டி, துண்டு, தங்கக் கடிகாரம் எல்லாம் அணிந்து தயாராக இருந்தார். அவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்திருந்தோம். அதன் ஒயர் எதிலும் சேராமல் பூந்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஐம்பது நிமிஷம் பேசினார். பிள்ளைகள் நெளிந்தார்கள். பிலோமி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தெர்மாகோல் கல்வெட்டின் மேல் இருந்த துணியை விலக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "மனமகிழ்ச்சியோடு தொடங்கி வைக்கிறேன்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு பெண் "ஆ!" என்றாள். அடுத்து இன்னொருத்தி. அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. முப்பத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தன் சிறுநீரகத்தை வாயாலேயே பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டு போனான். ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்து எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். இரண்டு பேர் விம்மி விம்மி அழுதார்கள். பிலோமி எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ம்மா, வந்துருச்சும்மா! ஆட்டுக்கு அன்னிக்கு ஏன் உப்புச்சுன்னா, முதல் வயித்துல காத்து அடைச்சுக்கிட்டா அதால ஏப்பம் விட முடியாதும்மா. அதுக்குத்தாம்மா அப்படித் துடிச்சுது!"

அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மருதையன் அப்படியே நின்றுவிட்டார். மைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. "நாப்பது வருஷமா பேசிக்கிட்டிருக்கேன்மா" என்றார் என்னிடம். "நான் பேசி முடிச்சு ஒருத்தருக்காவது ஏதாவது ஆனத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அதோடு மனிதர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? அன்றைக்கே படத்தை வெளியிட்டுவிட்டார். 'தணிகை திறந்தது டம்மி, மருதையன் திறந்ததே மெய்' என்று தலைப்பு வேறு. மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் வருகிறேன் என்று கிளம்பியவருக்குத் தலைவரிடமிருந்து ஒரு போன் வந்தது. உடனே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிலோமி தேர்வு அறைக்குள் போனாள். பத்து நாற்பதுக்கு என் மேசைக் கணினியில் மிக மிக அவசரம் என்ற குறிப்போடு இயக்குநரகத்தின் உத்தரவு வந்தது. வடவெள்ளாறு மாவட்டத்தில் உயிரியல் பாடத்தை உடனடியாக மூடவும்.

உத்தரவு தலைநகரிலிருந்து நேராகப் பட்டைக்குப் போகாது. மாவட்டத்தில் ஒரு ஊழியர் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்தினால்தான் போகும். எங்கள் வேலையும் போய்விடக் கூடாது என்று சங்கம் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை அது. எங்கள் மாவட்டத்தில் அந்த ஊழியர் நான். நான் அழுத்திய பத்தாவது நிமிஷம் என் மகள் பேனாவைப் பிடித்தபடி பாதி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தீர்த்தகிரி ஓடிவந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "அழுத்திடுங்க மேடம். எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு."

"அழுத்தறேன் சார். ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு. கேட்டுட்டு அழுத்தறேன்" என்றேன்.

என் பிழைப்பே சந்தேகம் கேட்பதுதான். வருகிற கோப்பில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துத் தெளிவுரை கேட்டுத் திருப்பி அனுப்புவேன். அது போய் வர மூன்று மாதம் ஆகும். என்னால் ஓய்வூதியத்துக்கு நடையாய் நடந்த வாத்தியார்கள் என் மேல் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். அதே வித்தையைத்தான் அன்றைக்கும் எடுத்தேன். தட்டச்சு செய்தேன்.

'பார்வையில் கண்ட உத்தரவு பெறப்பட்டது. மேற்படி பாடம் மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களால் ஏற்கெனவே நூறு சதவீதம் திறந்து வைக்கப்பட்டதாக இவ்வலுவலகம் அறிக்கை அனுப்பியுள்ளது. தற்போது மூடப்பட வேண்டியது மாண்புமிகு அமைச்சர் திறந்து வைத்த பாடமா, முன்னாள் அமைச்சர் திறந்து வைத்த பாடமா என்பதற்கு எழுத்துப்பூர்வமான தெளிவுரை வேண்டப்படுகிறது.'

பத்து ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன். பதினொன்று ஐந்துக்குப் போன் வந்தது. இணை இயக்குநர். கொதித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? மூடுன்னா மூட வேண்டியதுதானே?"

"மூடறேன் சார். எதைன்னு ஒரு வரி எழுத்துல குடுத்திடுங்க."

"மருதையன் திறந்ததத்தாம்மா!"

"அப்ப நம்ம அமைச்சர் திறந்தது திறக்கலைன்னு வச்சுக்கலாங்களா சார்?"

இணை இயக்குநரின் குரல் சட்டென்று இறங்கியது.

"அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். அதான் கேக்கறேன். அமைச்சர் திறந்ததைத்தான் மூடணும்னாலும் சரிதான் சார், இப்பவே அழுத்திடறேன். அமைச்சர் திறந்ததை மூடவும்னு உங்க கையெழுத்தோட வந்தாப் போதும்."

"லைன்லயே இரும்மா" என்றார். இருந்தேன். பதினேழு நிமிஷம் இருந்தேன். பிறகு லைன் அறுந்துவிட்டது. அந்தத் தெளிவுரை இன்றுவரை வரவில்லை. என் கடிதம் இயக்குநரிடம் போய், செயலாளரிடம் போய், சட்டத்துறைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அதற்கு இரண்டு பதில்தான் உண்டு, இரண்டில் எதை எழுதினாலும் எழுதியவன் காலி.

ஒன்றே காலுக்கு மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். பிலோமி குதித்துக்கொண்டு வந்தாள்.

"கூடுதல் தாள் ஆறு வாங்கினேம்மா! எழுத எழுத வந்துக்கிட்டே இருக்கு."

கடைக்குக் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு குடித்தாள். மார்க் நூற்றுக்கு நூறு நிச்சயம் என்றாள். எந்த ஊர்க் கல்லூரி, ஹாஸ்டலுக்குக் காக்கையைக் கொண்டுபோக விடுவார்களா என்பதுவரை பேசினாள். இருபத்தாறு வருஷத்தில் உருப்படியாக ஒரு வேலை செய்துவிட்டேன் என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. பொய் சொல்வானேன், நிறையவே வந்தது.

மே மாதம் முடிவு வந்தது. பிலோமி உயிரியலில் நூற்றுக்கு நூறு. பிலோமி மட்டுமல்ல, மாநிலத்தில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு.

பிலோமியின் வகுப்பைத் தவிர மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அதை அப்படியே வெளியிட்டால் அமைச்சர் திறந்தது திறக்கவில்லை என்று ஆகிவிடும். எனவே, பாடம் நூறு சதவீதம் திறக்கப்பட்டது அறிக்கைகளால் உறுதியாகியிருப்பதால் எல்லா மாணவர்களுக்கும் பாடம் முழுவதும் தெரியும் என்று கருதி முழு மதிப்பெண் வழங்கலாம் என்று ஓர் அரசாணை. எல்லாரும் நூறு என்றால் கால்நடை மருத்துவத்துக்கு யாரை எடுப்பது? குலுக்கல் என்றார்கள். அதிலும் முக்கால்வாசி இடம் சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவர்களுக்கு என்று பிறகு தெரிந்தது. பிலோமிக்குக் குலுக்கலில் வந்த எண் மூன்று லட்சத்துச் சொச்சம்.

ஒரு வாரம் அவள் யாரோடும் பேசவில்லை. ஆட்டுக்குத் தழை போட்டாள், காக்கைக்குச் சோறு வைத்தாள், படுத்துக்கொண்டாள். நான் இணை இயக்குநரில் தொடங்கி அமைச்சர் வரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சமைத்தேன். பாழாய்ப்போனவர்கள், என் பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன்.

ஜூனில் சட்டசபை கூடியது. அன்றைக்கு நான் விடுப்பு. மத்தியானம் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் எப்படி நூறு வந்தது என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டார். தணிகைநாதன் எழுந்தார். கையில் ஒரு தாள்.

"அறுபத்திரண்டு மாவட்டங்களும் கையொப்பமிட்டுத் தந்திருக்கின்றன, பேரவைத் தலைவர் அவர்களே! இதோ, முதல் அறிக்கை. வடவெள்ளாறு மாவட்டம். விழா முடிந்த எட்டே நிமிடங்களில், பன்னிரண்டு எட்டுக்கு வந்தது. நூறு சதவீதம்! இப்படிப்பட்ட கடமை உணர்வுள்ள ஊழியருக்கு இந்த அரசு கேடயம் வழங்கிச் சிறப்பிக்கும்!"

மேசைகளைத் தட்டினார்கள். தாளைக் கேமராவுக்கு நேராகக் காட்டினார். திரை முழுக்க என் கையெழுத்து. என் கையெழுத்து சுத்தமாக இருக்கும், பெயரை முழுதாக எழுதுவேன். பிலோமிக்குப் படிக்கச் சிரமமே இல்லை.

"ம்மா. அது நீதானே?"

"அவசரம்னாங்கடி. பத்து நிமிஷத்துல வேணும்னு..."

"அந்த நூறுல நானும் இருந்தேனா?"

அவள் கோபப்படுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைப் பார்த்தபடி மெதுவாகத்தான் சொன்னாள்.

"பன்னண்டு எட்டுக்கு எங்களுக்கு சாப்பாட்டு நேரம்தாம்மா. திறந்துச்சாடின்னு எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"